கிராணி வீட்டு ஃபால்ட்

1. நான்காவது போன்

ஒயரிங் முடித்து, சோதனைப் போராங் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மீட்டர் ஏறி ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நான்காவது முறையாக யோகராணி அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, கரண்ட் திரும்பவும் நிண்டு போச்சு. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

அப்போது நான் ஈப்போ பக்கத்துப் பத்து காஜா பட்டணத்தில் மணியம் அண்ணனின் ஹார்ட்வேர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னும் இரண்டு வயர்மேன்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மணியம் அண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"அந்த நோர்வேக்காரம்மாவா? இன்னுமா டிரிப் ஆவுது? புஷ்பா, நீ மெகர் போட்டுப் பாத்தியா இல்லயா லா?"

ஒயரிங்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்தான் மெகர். மற்ற இருவரும் கேபிள் சுருளைப் பார்த்தபடி சிரித்தார்கள். நான் லைசென்ஸ் வாங்கி முப்பது வருடம் தாண்டியிருந்தது. மற்றவர்கள் செய்த வீட்டில் டிரிப் ஆனால் சாமான் சரியில்லை என்பார்கள். நான் செய்த வீட்டில் டிரிப் ஆனால் பொம்பளை பார்த்த வேலை என்பார்கள். இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டே வரட்டும்.

"மெகரெல்லாம் நல்லாதான் இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தேன்.

2. வீடு

யோகராணி அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் நோர்வேக்குப் போய், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, இணையத்தில் படம் பார்த்து இந்த வீட்டை வாங்கினார். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதால் மாநில அனுமதிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஈப்போவில் வாடகை அறையில் காத்திருந்தார்.

ஏன் இங்கே என்று முதல் நாளே கேட்டேன்.

"ஊரிலை எங்கடை வீடு இருந்த இடத்திலை இப்ப ஒண்டுமில்லை. அங்கை குளிருக்கை கிடந்து சாகவும் விருப்பமில்லை. இஞ்சை வெயிலும் இருக்கு, தமிழும் இருக்கு" என்றார்.

அது ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, குடியிருந்த பலகை வீடு. தோட்டத்தை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். தனி கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், இருந்ததால் இந்த ஒரு வீடு மட்டும் தப்பித்து நின்றது. அடுத்த வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் ஆகும். அவர் சொன்ன தமிழ் அந்தத் தோட்டத்தைவிட்டு எப்போதோ பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே சீலிங்கில் ஏறிப் பார்த்தேன். ரப்பர் உறை போட்ட பழைய கேபிள், தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாக இழுத்தேன். தச்சர்கள் கறையான் தின்ற பலகைகளை மாற்றினார்கள், கூரைக்காரர்கள் தகரம் மாற்றினார்கள். ஆறு ஏழு பேருக்கு அக்கா தினமும் சமைத்துப் போட்டார். எனக்கு உறைப்பு அதிகம் வேண்டும், தச்சருக்கு மீன் ஆகாது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வேலை முடிந்த அன்று எல்லோரும் ஒரே நாளில் கிளம்பினோம். வாசற்படியில் நின்று கையாட்டினார். "ஆணி அடிக்கிற சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். நான் அடுத்த வேலைக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

3. தேடியது

மின்கசிவு வந்தால் தானாக விழும் மெயின் சுவிட்சை நாங்கள் இஎல்சிபி என்போம். அதுதான் அந்த வீட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் போய்த் தூக்கிவிட்டால் நிற்கும். கெட்டில், ஃபிரிஜ், வாட்டர் ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். விழவில்லை. பிளக் பாயிண்டுகளைத் திறந்து எறும்பு, பல்லி இருக்கிறதா என்று தேடினேன். மழைத் தண்ணீர் இறங்குமோ என்று வெளி விளக்கை மாற்றினேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி வரும். பிறகு வடை, பிறகு சோறே வரும். முதல் முறை நின்றுகொண்டே குடித்தேன். நான்காம் முறை இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். நோர்வேயில் ஆறு மாதம் பனிக்குள் பஸ்சுக்குக் காத்திருந்ததையும், முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இவர் வைத்த பருப்புக்காகவே சண்டை போட்டதையும் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று இஎல்சிபியையே கழற்றிவிட்டு வேறு கம்பெனி சாமான் போட்டேன். என் கைக்காசுதான்.

4. லீவர்

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் போன்.

மெயின் பெட்டியைத் திறந்தேன். புதிதாகப் போட்ட அந்தச் சுவிட்சில் ஒரு வசதி உண்டு. கசிவால் விழுந்தால் லீவர் நடுவில் நிற்கும். கையால் இழுத்தால்தான் முழுக்கக் கீழே போகும்.

லீவர் முழுக்கக் கீழே இருந்தது.

அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"அக்கா, இத நீங்கதானே கீழ இழுத்தீங்க?"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு "ஓம்" என்றார்.

"முன்னாடியும் நீங்கதானா?"

"ஓம்."

பெட்டியை அறைந்து மூடினேன். "கடையில என்னப் பாத்துச் சிரிக்கிறானுங்க தெரியுமா? பொம்பள செஞ்ச வேலைன்னு பேசுறானுங்க. முப்பது வருசம் கஷ்டப்பட்டு எடுத்த பேரு அக்கா!"

அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "ஏதும் பழுதெண்டால் தானே தங்கச்சி ஆக்கள் வருவினம்" என்றார். "சும்மா வாங்கோ எண்டு உங்களை என்னெண்டு கூப்பிடுறது? நீங்கள் வேலை செய்யிற ஆள்."

அதைக் காதில் வாங்கும் நிலையில் நான் இல்லை. "இனிமே உண்மையாவே கரண்ட் போனாலும் வேற ஆளக் கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேசையில் மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் தொடவில்லை.

5. மெழுகுவத்தி

மறுநாளே மணியம் அண்ணனிடம் போய், என் ஒயரிங்கில் ஃபால்ட் இல்லை என்று சொன்னேன். ஏன் விழுந்தது என்பதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஐந்து வாரம் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு ஆளுக்குச் சோறு ஆக்கி, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். போன் அடித்தால் அந்த நம்பரா என்று பார்த்தேன். கோபம் போகாததால்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இடி மழைக் காலம் வந்தது. ஒரு நாள் காலை, கேபிள் வாங்கப் போனபோது மணியம் அண்ணன் சொன்னார்.

"உன் நோர்வேக்காரம்மா நேத்து வந்தாங்க லா. மெழுகுவத்தி ஒரு டஜன். போன வாரமும் ஒரு டஜன். பூசை கீசை ஏதாச்சும் வைக்கிறாங்களா?"

நான் கேபிள் வாங்கவில்லை. நேராக அங்கேதான் வண்டியை விட்டேன்.

அக்கா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே ஃபிரிஜ் துடைக்கப்பட்டு, காலியாக, கதவு மூடாதபடி துணி செருகி வைத்திருந்தது. சாசர்களில் மெழுகு உறைந்து கிடந்தது. பம்ப் ஓடாததால் கிணற்றுத் தண்ணீர் வரவில்லை. மழைத் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைத்திருந்தார்.

"எத்தன நாளாச்சு?"

"இண்டைக்கு ஒன்பது."

லீவர் நடுவில் நின்றது. தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஒவ்வொரு சர்க்கிட்டாக அணைத்துப் பார்த்ததில் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டுவிட்டது. இடியில் தண்ணீர் பம்பின் மோட்டார் எரிந்து கசிந்துகொண்டிருந்தது. பம்பின் சுவிட்சை மட்டும் கீழே தள்ளி, மெயினைத் தூக்கியிருந்தால் வீடு முழுக்க வெளிச்சம் வந்திருக்கும். பெட்டியில் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். எப்படி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது என்று மட்டும் சொல்லித்தரவில்லை. மற்ற எல்லா வீட்டிலும் சொல்லித்தருவேன். இங்கே போன் வந்தால் நானே போய்க்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். எனக்கும் அந்தப் போன் வருவது பிடித்திருந்தது.

மேசையில் அவருடைய கைப்பேசி இருந்தது. சார்ஜ் நிறைய இருந்தது. கோயிலில் கொடுத்துச் சார்ஜ் போட்டு வாங்கி வருவாராம்.

"போன் இருக்குல்ல அக்கா? ஏன் கூப்பிடல?"

"நீங்கள்தானே வேறை ஆளைக் கூப்பிடச் சொன்னனீங்கள்." கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு வேறை ஆளைத் தெரியாது."

நான் பம்பைக் கழற்றிக்கொண்டு போய், மறுநாள் புதிதை மாட்டினேன்.

6. கற்றுக்கொண்டது

இளம் வயர்மேன்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். வீட்டை ஒப்படைக்கும்போது வீட்டுக்காரர் கையாலேயே ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்துப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, தனியாக இருக்கும் ஒருவரிடம் கோபத்தில்கூட வேறு ஆளைக் கூப்பிடு என்று சொல்லாதீர்கள்.

பம்ப் மாட்டிய வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஃபால்ட் எதுவும் இல்லாமல் அங்கே போனேன். டூல் பேக்கை வீட்டிலேயே வைத்துவிட்டேன். படியேறிய பிறகுதான் தெரிந்தது, வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போய் எனக்குப் பழக்கமே இல்லை என்று. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண் தானாக மெயின் பெட்டிக்குப் போனது. அக்காவும் "இருங்கோ, இருங்கோ" என்று இரண்டு முறை சொன்னார். தேத்தண்ணி ஆறும்வரை இருவரும் வெளியே செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் கேட்டார். "வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள் தங்கச்சி?"

முப்பது வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எந்த வீட்டிலும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"நான் மட்டும்தான் அக்கா" என்றேன்.