மேலே பார்த்தால் ஓம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மட்டக்களப்பு–கொழும்பு பஸ்ஸில் இருபது வருடம் நடத்துனராகக் கத்திய தொண்டையிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. மூளைத்தண்டில் (மூளையை முள்ளந்தண்டோடு இணைக்கும் பகுதி) பாரிசவாதம் என்றார்கள்.

டொக்டர் வந்து, "கையப் பிடிங்க, வலப்பக்கம் பாருங்க" என்றார். என் கண் மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டில் போகாது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பயிற்சி டொக்டரிடம் அவர் சிங்களத்தில் சொன்னார், இவருக்கு எதுவுமே விளங்கவில்லை, வீட்டுக்கு அனுப்புவோம் என்று. அடப்பாவி! சிங்களத்தில் சண்டை பிடித்தே பிழைப்பு நடத்தியவன் நான்.

டொக்டர் அதையே வீட்டாரிடமும் சொன்னபிறகு என் மனைவி புவனேஸ் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். துடைப்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், போய்விடுவாள். ஒருநாள் கட்டிலருகே நின்றுகொண்டே தன் தங்கையிடம் சொன்னாள்: "இப்பிடிக் கிடந்து உத்தரிக்கிறத விட, மனிசன் போய்ச் சேர்ந்தா நல்லம் தங்கச்சி."

கத்த வேண்டும்போல இருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள், பேச்சுச் சிகிச்சை தரும் மிஸ் வந்தார். கணினித் திரையில் மேலே ஒரு படம், கீழே ஒரு படம். கண் போகும் இடத்தைப் பிடிக்க ஒரு சின்னக் கமரா.

"ஒரு சொல்லச் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னமே கண் அந்தப் படத்துக்குப் போயிரும் ஐயா. எந்தப் பாஷைக்காரருக்கும் அப்பிடித்தான்" என்றார்.

தமிழில் சொன்னதற்கெல்லாம் என் கண் சரியாகப் போனது. பிறகு சிங்களத்தில் "மாளு" (மீன்) என்றார். "மா" என்றதுமே கண் மேலே இருந்த மாம்பழத்துக்கு ஓடி, அடுத்த கணம் கீழே மீனுக்கு இறங்கியது.

மிஸ் துள்ளி, பக்கத்தில் நின்ற புவனேஸிடம் திரும்பினார். "அக்கா, இவருக்கு ரெண்டு பாஷையும் உள்ள ஓடுது! எல்லாம் விளங்குது!" மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை என்று எங்கள் இருவருக்கும் பழக்கிவிட்டுப் போனார்.

புவனேஸின் முகம் வெளிறியிருந்தது. எனக்கு நேரே குனிந்தாள்.

"இஞ்சாருங்க, அண்டைக்குத் தங்கச்சிக்கிட்ட நான் சொன்னது... கேட்டதா?"

கீழே பார்த்தேன்.

என் நெஞ்சில் தலை வைத்து அழுதாள். அந்தத் தலையின் பாரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆரையம்பதிச் சந்தையில் இறால் என்ன விலை என்பதுவரை சொல்கிறாள்.

இப்போது ஒரு விரல் அசைகிறது. மட்டக்களப்பிலிருந்து ஒரு பஸ் களுவாஞ்சிக்குடி போய்ச் சேரும் ஒரு மணித்தியாலத்தில், அந்த விரலால் தட்டித் தட்டி நான் ஒரு வரி எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கிடந்தால், அவரோடு பேசுங்கள்.

இதை முதலில் வாசிக்கப்போகிறவள் அவள்தான். புவனேஸ், அன்றைக்குக் கேட்டது. அதற்காகப் பேச்சை நிறுத்திவிடாதே.