எதிர்வீட்டு ஓவியத்தில் அம்மாவின் கூறை

அம்மாவின் கூறைச்சேலை அலுமாரியில் இல்லை என்று கண்டதும் எனக்கு எதிர்வீட்டு ஓவியக்காரி மேல்தான் சந்தேகம் வந்தது. கொட்டாஞ்சேனைப் பெண். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் குடிவந்து ஆறு மாதம் இருக்கும். வந்த நாளிலிருந்து வீடு வீடாகத் தட்டிப் பழைய சேலை கேட்பாள். ஓவியத்தில் சேர்த்துத் தைக்கவாம். நான் வேலைக்குப் போனபின் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள் என்று கீழே காவலுக்கு நிற்கும் வாச்சர் வேறு சொல்லியிருந்தார்.

எங்கள் ஆட்களில், கலியாணத்தன்று உடுத்த கூறையைப் பத்திரமாக வைத்திருந்து, கண்மூடும் நாளில் போர்த்தி அனுப்புவார்கள். அம்மா அதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அண்மையில் அவருக்கு ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறதுதான். கூறை எங்கே என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஏதோ சொல்லி வெருட்டி வைத்திருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, படம் பார்க்க வந்தவள் போல அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். படங்கள் நன்றாகவே இருந்தன. அது இன்னும் எரிச்சலூட்டியது. ஒன்றில், காலி நகருக்குப் போகும் காலி வீதி முழுவதும் கடல். பஸ்களோடு மீன்கள் நீந்தின. அலைகளாகத் தைத்திருந்தது மேல்மாடி ஆசிரியையின் நீல வொயில் சேலை. சுவரோரம் சாய்த்திருந்த பெரிய படத்தில், தூங்கும் பெண்ணொருத்தி ரயில் பாதைக்கு மேலே மிதந்தாள். அவள் உடுத்திருந்தது அம்மாவின் கூறை. அதே அரக்குச் சிவப்பு, அதே சரிகைக் கட்டம், ஓமப் பொறி பட்ட அதே சின்ன ஓட்டை.

"வயசுபோன ஆளிட்டக் களவெடுக்க வெக்கமில்லையா? வெட்டியும் போட்டீர், என்ன?"

"நான் எதையும் வெட்டுறதில்ல அக்கா. மடிச்சு நூலோட்டித்தான் வைப்பேன். நூலை உருவினா முழுசா வந்துடும். உங்க அம்மாதான் கொண்டுவந்து தந்தாங்க."

"பொய்!"

சேலை தருபவர்கள் அதன் கதையைச் சொல்வதை அவள் ஃபோனில் பதிந்துவைப்பது வழக்கம். காட்ட மனமில்லாமல்தான் காட்டினாள். வீடியோவில் அம்மா அதே அறையில், மடியில் கூறையோடு இருந்தார்.

"ஒளிச்சு வை பிள்ளை. என்ர வீட்டில ஒருத்தி வந்து நிக்கிறாள். மகள் எண்டு சொல்லுறாள். விட்டா எல்லாத்தையும் கொண்டு போயிடுவாள்."

"இதை எப்படி அக்கா உங்ககிட்ட சொல்ல?" என்றாள். கூறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அம்மா அடிக்கடி வருவாராம். வந்தவுடன் கண்ணில் படட்டும் என்றுதான் படத்தில் தைத்தாளாம்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கூறையை அங்கேயே விட்டிருக்கவும் வேண்டும். எனக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "உருவித் தாரும்" என்றேன். நூலை உருவித் தந்தாள்.

அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். என் கையிலிருந்ததைக் கண்டதும் இரண்டு கையும் கூப்பினார்.

"மற்றதெல்லாம் எடுத்துக்கொண்டு போ, பிள்ளை. அதை மட்டும் தந்திட்டுப் போ. என்ர மகள் வந்து தேடுவாள்."