உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிழைப்பை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டுப் பொய்யும் சொன்னேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். புதுமடத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கணினி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கல்யாண உடுப்புகளுக்கு எம்பிராய்டரி போடுபவள். எந்திரத்தையும், டிசைன் வரையும் சாப்ட்வேரையும் கணவர் வளைகுடாவில் பல வருடம் உழைத்து வாங்கிக் கொடுத்திருந்தார். தொழில் காலூன்றிவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டாம் என்று ஊரிலேயே இருந்தார்.

கணினி மெதுவாகிவிட்டது என்று அவள் சொன்னபோது, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றேன்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சாப்ட்வேருக்குள்ள போயி ஆக்டிவேஷனை விடுவிக்கணும்னு வித்தவுக சொன்னாக மாமா."

"ஏத்தா, நான் பாக்காத சாப்ட்வேரா? நீ போயி டீயைப் போடு."

உள்ளே போய்ப் பார்க்காமலே அழித்தேன். திரும்ப ஏற்றியபோது, அந்த உரிமம் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று திரையில் வந்தது. ஒரு உரிமம் ஒரு பதிவுக்குத்தான் செல்லும்; அழிந்துபோன பழைய பதிவிலேயே அது மாட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை உரிம எண்ணை அடித்தாலும் அதே பதில்.

டீயோடு அவள் வந்து நின்றாள். பின்னாலேயே கணவரும்.

"உப்புக்காத்து உள்ள இருக்க போர்டை அரிச்சிருச்சு. அதான் ஏத்துக்க மாட்டேங்குது" என்றேன்.

எங்கள் கடற்கரையில் இதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பூட்டு, மின்விசிறி, ஜன்னல் கம்பி, எது போனாலும் உப்புக்காற்றுதான். கணவர் சிரித்தார்.

"இங்கன பொண்டாட்டி வாயைத் தவிர எல்லாத்தையும் அரிச்சிரும் மாமா."

"ஆமா, உங்க சோம்பேறித்தனத்தையும் அது ஒண்ணும் செய்யல" என்றாள் அவள்.

அவர் சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்து, போர்டு போய்விட்டது என்று நான் சொன்னதையே சொன்னார். போர்டு மாறினால் அது வேறு கணினி, உரிமத்தைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதற்கு வழியில்லை. அவளிடம் வந்துகொண்டிருந்த கல்யாண உடுப்புகள் இராமநாதபுரத்துக் கடைகளுக்குப் போயின. எந்திரத்தின் மேல் துணி போட்டு மூடினாள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவர் மறுபடி வளைகுடாவுக்குப் போனார். பெட்டியை வண்டியில் ஏற்ற நானும் கை கொடுத்தேன்.

பிறகுதான் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அதே கணினியில் விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால், எழுதிக் கேட்டாலே பழைய ஆக்டிவேஷனை விடுவித்துக் கொடுப்பார்களாம். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் போயிருக்க வேண்டியதில்லை. அதைப் படித்தபின்னும் அவள் வீட்டுப் படியேற எனக்குப் பல வாரம் ஆனது.

போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா? நாங்க என்ன உங்களை அடிச்சா போட்டிருவோம்?"

அவள் கணினியிலிருந்தே, நடந்ததை மறைக்காமல் கம்பெனிக்கு எழுதினேன். விடுவித்துவிட்டதாகப் பதில் வந்தது. உரிம எண்ணை அடித்தேன், சாப்ட்வேர் திறந்தது. அவள் எந்திரத்தின் துணியை எடுத்து உதறி மடித்தாள். ஒப்பந்தம் முடியும்வரை அவர் வர முடியாது என்று மட்டும் சொன்னாள்.

அந்நேரம் அவரே போனில் வந்தார். சாப்ட்வேர் திறந்துவிட்டது என்றாள். எப்படி என்று கேட்டிருப்பார் போல.

"மாமாதான் சரி பண்ணுனாக" என்றவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பக்கத்துல இருக்கீகங்கிற தைரியத்துலதான் மாமா நான் இங்கன கெடக்கேன். அந்தப் பாழாப்போன உப்புக்காத்து மறுபடி புடிக்காமப் பாத்துக்கங்க" என்றார்.

அவரிடமும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது கணினியில் ஏதாவது கோளாறென்றால் அவள் அதை ஆட்டோவில் ஏற்றி இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகிறாள். வழியில் என்னைப் பார்த்தால், சாப்பிட்டீகளா மாமா என்று கேட்காமல் போவதில்லை.