எந்தப் பக்கம் லூஸ்?

அந்தத் தெருவில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாமனாருக்கு மாப்பிள்ளை, அவர் கூப்பிடுவதைக் கேட்டு, பேப்பர் போடுகிறவருக்கும் எதிர்க்கடை சலூன்காரருக்கும்கூட மாப்பிள்ளை. கீழே மாமனாரின் சோபா தைக்கும் கடை, மேலே வீடு. காலையில் படி இறங்கினால் வேலை, சாயங்காலம் படி ஏறினால் வீடு. நடுவில் தெருவில் கால் வைக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. கல்யாணமான புதிதில் இதைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள்.

மாமனார் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது கிளம்பியிருக்கலாம். அவரோ தங்கமான மனிதர். மனைவி போன பிறகு மகளும் மருமகனும்தான் அவருக்கு உலகம். மாப்பிள்ளை சாப்பிட உட்காராமல் அவர் தட்டைத் தொட மாட்டார். அவன் தும்மினால் வெந்நீர் வைப்பார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி சூடு போதுமா மாப்பிள்ளை?" என்று கேட்பார்.

அவனுக்கே அவனுக்கென்று இருந்தது ஒரு வில்தான். காம்பவுண்ட் வில், இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது. கடையில் மீந்த துணித் துண்டுகளைச் சாக்கில் திணித்து, நடையின் கோடியில் சாத்திவைத்து, ஹாலில் நின்று அம்பு விடுவான்.

"என்ன மாப்பிள்ளை, மாமனாரைக் குறி வெச்சாச்சா?" என்று கேட்பார் சலூன்காரர். அதற்கும் முதலில் சிரிக்கிறவர் மாமனார்தான்.

வேறு ஊரில் ஒரு விளையாட்டுச் சங்கம், வில் பயிற்சித் திடலைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. தங்குவதற்கு வீடும் உண்டு, இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அம்பு விட்டுக் காட்ட வேண்டும். இதை அவன் மனைவியிடம் மட்டும் சொன்னான்.

"அப்பாகிட்ட?" என்றாள் அவள்.

"கெடைச்சதும் சொல்லிக்கலாம். இப்போதைக்குப் போட்டின்னு சொல்லி வைக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் வில் சதி செய்தது. ஒரு மரச்சட்டத்தில் காகிதத்தை ஒட்டி, அதன் வழியாக அம்பு விட்டுப் பார்த்தான். அம்பு நேராகப் போனால் காகிதத்தில் ஒரே ஓட்டை விழும். விழுந்ததோ இடப்பக்கம் நீண்ட கிழிசல். அம்பின் வால் ஒதுங்கிப் போகிறது என்று அர்த்தம். மேல்சக்கரம் சாய்ந்திருந்தது. நாணோடு சேர்ந்து சக்கரத்தை இழுக்கும் கேபிளில், அந்தப் பக்கத்துக் கண்ணியைச் சக்கரத்தின் அச்சிலிருந்து கழற்றி, அரை முறுக்கு ஏற்றி மாட்ட வேண்டும்.

நாண் விறைப்பாக இருக்கும்போது கண்ணியைக் கழற்ற முடியாது. அதற்குத்தான் அவன் ஒரு சின்னப் பிரஸ் வைத்திருந்தான். அதன் கொக்கிகளை வில்லின் இரு முனையிலும் மாட்டி, திருகைச் சுற்றினால் முனைகள் நெருங்கி வரும். நாண் தொளதொளவென்று ஆகிவிடும். அதாவது, பிரஸ் இறுகினால் நாண் தளரும், பிரஸ் தளர்ந்தால் நாண் இறுகும். வீட்டில் இந்த விஷயம் புரியாத ஒரே ஆள் மாமனார்.

சாப்பாட்டு மேஜையில் வில்லைக் கிடத்தி, பிரஸ்ஸை இறுக்கி, கண்ணியைக் கழற்றியிருந்தான். மாமனார் வந்துவிட்டார்.

"ஒண்டியா என்ன பண்றீங்க? நான் எதுக்கு இருக்கேன்?" என்று திருகைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாமா, நானே..."

"காலம் பூரா கிளாம்ப் திருகின கை இது. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

அவன் முறுக்கேற்றிய கண்ணியை அச்சில் மாட்டப் பார்த்தான். மயிரிழை எட்டவில்லை. வலது ஆள்காட்டி விரலைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தான்.

"இன்னும் கொஞ்சம் லூஸ் வேணும் மாமா."

கடையில் லூஸ் என்றால் இடப்பக்கம். சோபாச் சட்டத்தில் பசை காய்ந்ததும் இவன் "லூஸ்" என்பான், அவர் கிளாம்பை இடப்பக்கம் திருப்புவார். அந்தக் கைக்கு யோசித்துப் பழக்கமில்லை. இடப்பக்கமே திருப்பியது.

நாண் விண்ணென்று விறைத்தது. கண்ணிக்கும் அச்சுக்கும் நடுவில் விரல்.

"ஐயோ! டைட் பண்ணுங்க மாமா, டைட்!"

"விரல் மாட்டிக்கிட்டிருக்கு, டைட் பண்ணச் சொல்றீங்களே!" மாமனார் பதறிப்போய் இன்னும் இடப்பக்கம் திருப்பக் கையை வைத்தார்.

"அந்தப் பக்கம் வேணாம்! தொடாதீங்க!"

"வலியில உங்களுக்கு ஒண்ணும் புரியல மாப்பிள்ளை. நான் பெரியவன் சொல்றேன், லூஸ் பண்ணாத்தான் வெளிய வரும்."

வில் பிரஸ்ஸில், விரல் வில்லில், திருகு மாமனார் கையில். இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அந்த வலியிலும் அவனுக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அப்பாவின் கையை விலக்கிவிட்டுத் திருகை வலப்பக்கம் சுற்றினாள். கண்ணி தளர்ந்தது. விரல் வெளியே வந்தது.

"எதை லூஸ் பண்ணணும்னு கேட்டுட்டுத் திருப்பக் கூடாதாப்பா?" என்றாள்.

நகம் கன்னிப்போயிருந்தது. விரல் கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வந்தது. அதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, மனைவியின் உதவியோடு கண்ணியை மாட்டி முடித்தான். நாணை விடுவிக்கும் கைவிசையை நடுவிரலால் அழுத்தி ஓர் அம்பு விட்டான். காகிதத்தில் ஒரே ஓட்டை. அம்பைவிட மயிரளவுகூடப் பெரிதில்லை.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கையோட பைக்கை எப்படி ஓட்டுவீங்க? எல்லாம் என்னால. கடை வேன்ல நானே கூட்டிட்டுப் போறேன். போட்டி முடியற வரைக்கும் கூடவே இருக்கேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"மாமா, அது போட்டி இல்ல," என்று ஆரம்பித்து வேலை, ஊர், வீடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பிரஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி என்று அவன் மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

"வீடு குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க மாமா."

"எத்தனை ரூம்?"

அவன் வாய் திறப்பதற்குள், "ஒண்ணுதான்ப்பா," என்றாள் மனைவி. சட்டென்று அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒண்ணுதானா..." மாமனார் மோவாயைத் தடவினார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அதனால என்ன? ஹால்னு ஒண்ணு இருக்கும்ல? மடக்கு சோபா ஒண்ணு தச்சுட்டாப் போச்சு. பகல்ல உட்கார்ந்துக்கலாம், ராத்திரி விரிச்சாப் படுக்கை. உங்களை விட்டுட்டு நான் எங்க இருக்கப் போறேன்?"

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை உருவி, ஹால் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"அந்த முனையைத் தலைமாட்டுல பிடிங்க மாப்பிள்ளை. டைட்டாப் பிடிக்கணும், லூஸ் விட்டுடாதீங்க."

அவன் குனிந்து, வீங்காத கையால் பிடித்துக்கொண்டான்.