சம்பளமாகக் கேட்ட கடிதம்

ஜப்பான்காரர்கள் பினாங்குக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வெள்ளைக்காரர்கள் ஓடிப்போனதும் கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், பத்தொன்பது வயதுத் தம்பி. ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவின் நகைகளை விற்று மரவள்ளிக்கிழங்கு தின்றோம்.

பசியைவிடப் பெரிய பயம் சயாம். அங்கே ரயில்பாதை போட, வேலையில்லாத தமிழ் வாலிபர்களைத் தெருவிலேயே பிடித்து லாரியில் ஏற்றினார்கள். தம்பி வெளியே போனால் திரும்பும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

அப்போது ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்தன. மாவு ஆலை வைத்திருந்த சீன முதலாளி கடிதம் எழுதக் கூப்பிட்டார். தினமும் மரவள்ளி மாவு, வாரம் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் தருவதாகச் சொன்னார். மறுநாள் மத்தியானத்துக்குள் பதில் வேண்டும் என்றார். மற்றது துறைமுகத்தில் ஜப்பான் ராணுவத்தின் சரக்கு அலுவலகம். மாதம் எண்பது வெள்ளி, ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டாக. மதிப்பே இல்லாத அந்த நோட்டைக் கண்டாலே சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அம்மா மாவு ஆலைக்குப் போகச் சொன்னாள். நான் காலையிலேயே துறைமுகத்துக்குப் போனேன்.

அதிகாரிக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். எண்பது வெள்ளி வேண்டாம், நாற்பது போதும், மீதிக்கு அரிசி கொடுங்கள் என்று அவரிடம் மலாயில் சொன்னேன். தம்பியைச் சயாமுக்குப் பிடிக்கக்கூடாது என்று முத்திரை போட்ட கடிதமும் வேண்டும் என்றேன். அவர் அரிசியைச் சொன்னார். தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டார். கட்டாயத்துக்காகப் போன நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி வகுப்பில் நான் நாலு வார்த்தை படித்திருந்தேன். தம்பி என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை.

அந்த நாலு வார்த்தையை வைத்து நானே சொன்னேன்: தம்பி, சயாம், வேண்டாம், கடிதம். மொழிபெயர்ப்பாளர் முகம் வெளுத்தது. அதிகாரி ஒரு தாளை மெஷினில் வைத்து அடித்துக்காட்டச் சொன்னார். பிழையில்லாமல் அடித்தேன். மாதம் பத்துப் படி கேட்டதற்கு ஆறு கிடைத்தது. கடிதம் மூன்று மாதத்துக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் வந்து கேட்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கொடுத்தபோது தம்பி சந்தோஷப்படவில்லை. "உன் முந்தானையில என்னை முடிஞ்சு வச்சிருக்கே" என்றான். ஆனாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், சந்தையை ராணுவம் வளைத்தது. தம்பியும் பக்கத்து வீட்டுச் சிநேகிதனும் மாட்டிக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்து இருவரும் ஒன்றாகவே திரிந்தவர்கள். தம்பி கடிதத்தை நீட்டினான், விட்டுவிட்டார்கள். மற்றவனை லாரியில் ஏற்றினார்கள்.

நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொல்லிவிட்டு, திரும்பாமலே கேட்டான்.

"ரெண்டு பேருக்கும் கடிதம் கேட்டிருக்கலாம்லக்கா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அரிசியை எத்தனை படி கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தவள் நான்.

அன்று மத்தியானமே அதிகாரி முன்னால் போய் நின்றேன். அரிசியே வேண்டாம், அந்தப் பையனை விடுங்கள் என்றேன். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் ஒன்றையும் விடாமல் சொன்னார். ரயில் காலையிலேயே போய்விட்டது என்று பதில் வந்தது. நான் திரும்பி என் மேசைக்குப் போய் மிச்சமிருந்த சரக்குப் பட்டியலை அடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாவு ஆலையில் இன்னும் இடம் இருந்தது. அங்கே போய்விடலாம் என்று தினமும் நினைத்தேன். போனால் தம்பியின் கடிதம் செல்லாது. சண்டை முடியும்வரை அந்த மெஷின் முன்னால்தான் இருந்தேன். அந்தப் பையன் திரும்பவில்லை. அவனுடைய அம்மா என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. குழாயடியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.