கோப்பை வாங்கிய மாப்பிள்ளை

வீட்டு முன்னறையில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த அவரை ஊரே 'கத்திரி' என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. கழுதையைக் கொண்டுபோய் விட்டால்கூடக் குதிரையாக்கி அனுப்பிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் சொந்தமாக ஒரு பெட்டை நாய் இருந்தது. கம்பி போன்ற முடி, கட்டை முதுகு, விறைத்து நிற்கும் வால். வளைக்குள் நுழைந்து எலி பிடிப்பதற்கென்றே உண்டான இனம். அந்த இனத்தின் லட்சணம் ஒன்றுகூடக் குறையாமல் அதனிடம் இருந்தது. மனைவியிடம் சொல்லத் துணியாததை எல்லாம் அவர் அதனிடம்தான் சொல்வார். கூட்டத்தைக் கண்டால் அவர் காலுக்கிடையில் ஒளிந்துகொள்ளும் என்பதால் நாய்க் கண்காட்சிப் பக்கமே அது போனதில்லை.

"வயசாகுது. இன்னும் ஒரே ஒரு ஈத்துதான், அதோட நிறுத்திக்குங்க" என்றார் கால்நடை மருத்துவர். அந்த லட்சணம் தொடர வேண்டுமானால் அந்த ஒரு பிரசவத்தில்தான் தொடர வேண்டும். கத்திரி மாப்பிள்ளை தேடப் புறப்பட்டார்.

கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு வரன்கள். ஒன்று, பஸ் ஓட்டும் மச்சானுடைய நாய். அச்சு அசல் அந்த இனம். வாழ்நாளில் ஒரே முறை கண்காட்சிக்குப் போய், நடுவரின் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பியது. மற்றொன்று, மருந்துக்கடைக்காரரின் சாம்பியன். அவர் இருமல் மருந்துகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு, மேலே அது வாங்கிய கோப்பைகளை அடுக்கியிருந்தார்.

"எங்க அண்ணன் நாய்க்கு என்ன குறைச்சல்? இதுதான் லட்சணம்னு நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"லட்சணத்த வச்சு நாக்கு வழிக்கவா? ஒரு கோப்பை உண்டா அதுக்கு?"

"அந்தச் சாம்பியனக் குளிப்பாட்டறதே நீங்கதானே? நனைஞ்சா அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப அத்தன நடுவருங்களும் முட்டாளா?"

முட்டாள்களோ இல்லையோ, அவர்களை ஏமாற்றியவர் இவர்தான். சாம்பியனின் நீள முதுகைக் குட்டையாகக் காட்டியது இவருடைய கத்திரி. தாழ்ந்த வாலை முடியைச் சிலுப்பித் தூக்கி நிறுத்தியது இவருடைய சீப்பு. பஞ்சு போன்ற முடியைப் பொடி போட்டு விறைக்க வைத்ததும் இவருடைய கைதான். ஆனால் கோப்பை என்று ஒன்று வந்து, கைதட்டலும் கேட்டுவிட்டால், வேஷம் கட்டிவிட்டவருக்கே வேஷம் மறந்துபோகிறது. போதாததற்கு மச்சான் வீட்டு நாயை எடுத்தால், "எல்லாம் எங்க வீட்டு ரத்தம்" என்று மச்சான் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். அந்தப் பயம் வேறு. சாம்பியனே மாப்பிள்ளையானது.

நான்கு குட்டிகள் பிறந்தன. கண் திறக்கும்வரை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. வளர வளரத்தான் சாயம் வெளுத்தது. முதுகு ரயில்பெட்டி மாதிரி நீண்டது. வால் தொங்கியது. முடி தலையணைக்குள் அடைக்கலாம் போல மெத்தென்று வளர்ந்தது. மூன்று வருடமாகத் தாம் மறைத்துவைத்த குறை ஒவ்வொன்றும் நான்கு நான்காக வீட்டுக்குள் ஓடி விளையாடியதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி நான்குக்கும் தட்டில் பால் ஊற்றி வைத்தாள். அவள் திட்டியிருந்தாலாவது தேவலை.

மாப்பிள்ளைக் கூலியாக முன்பே பேசிவைத்திருந்தபடி ஒரு குட்டியை எடுத்துக்கொள்ள மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தார். கையோடு சாம்பியனையும் கொண்டுவந்திருந்தார்; அடுத்த வாரம் கண்காட்சி. குட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன கத்திரி, ஒண்ணுகூட இவன மாதிரி இல்லியே? தாய்கிட்ட ஏதோ கோளாறு. ரத்தம் சரியில்ல போலிருக்கு."

கத்திரியின் வாய்வரை உண்மை வந்தது. இவை சாம்பியனை உரித்துவைத்த குட்டிகள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அலமாரியிலுள்ள கோப்பைகள் அத்தனையும் கத்திரி வாங்கியவை என்று ஆகிவிடும். நாளைக்கு எந்த வாடிக்கையாளர் இந்தப் படியேறுவார்? சீப்பைக் கையில் எடுத்துத் துடைத்தார். உள்ளறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"ஆமா சார்" என்றார். "தாய் வழிதான். இதுகிட்ட ஆரம்பத்துலேருந்தே லட்சணம் கம்மி."

சொன்னதும் தம்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. மனைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மேசைக்கடியில் படுத்திருந்த பெட்டை நாய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துகொண்டு, அவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டியது.