கறவை நேரத்துப் பிரார்த்தனை

காலையில் கண் விழித்ததும் என் மாமனார் முதலில் தொட்டுப் பார்ப்பது தன் இடுப்பைத்தான். கட்டில் ஓரத்தில் கையை ஊன்றி உட்கார்ந்து, இன்றைக்கு இது சொன்ன பேச்சைக் கேட்குமா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார். அதுவரை யாரோடும் பேச்சு கிடையாது. பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். மழையோ காய்ச்சலோ அதை மாற்றியதில்லை. எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம் என்று எல்லாரும் தேடினார்கள். தலைச்சன் ஈற்றில் தவித்த ஒரு கிடேரிக்குப் பக்கத்தில், புதுச் சட்டையோடு மண்டியிட்டுக் கன்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா விட்டுப்போனது ஒரு கல் மேடும் இரண்டு மாடுகளும். கல் பொறுக்கிப் பொறுக்கித்தான் மனுஷன் முதுகு வளைந்தது என்று அவர் மனைவி, என் அத்தை, சொல்வார். மேட்டில் சோளம், சரிவில் தீவனப்புல், அதற்கப்பால் கம்பி வேலி போட்ட மேய்ச்சல் என்று ஒவ்வொன்றாக உண்டாக்கினார். மூத்த பிள்ளைகள் இருவரும் படித்துத் தூரமாகப் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளையான என் கணவர் மட்டும் நிலத்தோடு நின்றார்.

கடவுள் விஷயத்தில் மாமனார் கறார். சாயங்காலம் குடும்பமே கூடிப் பிரார்த்தனை சொல்லியாக வேண்டும். பால் கறக்கும் நேரமும் அதுவாகவே இருந்தது. அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், ஒன்று மாடு கத்தும், இல்லையென்றால் பிரார்த்தனை பாதியில் நிற்கும். ஒருநாள் அத்தை சொல்லிவிட்டாராம்:

"எதுக்கு ரெண்டு பக்கமும் ஓடணும்? கொட்டகையிலயே சொல்லிடுங்க."

"சாணி நாத்தத்துலயா?"

"நாத்தம் பிடிக்காதவர் மாட்டைப் படைச்சிருப்பாரா?"

அன்றிலிருந்து கறவையும் பிரார்த்தனையும் ஒன்றாகிவிட்டன. ஒரு மாட்டின் அடியிலிருந்து அவர் ஒரு வரி சொல்வார், அடுத்த மாட்டின் அடியிலிருந்து அத்தை பதில் வரி சொல்வார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அது பழைய வழக்கம். பால் வண்டிக்காரர், "உங்க வீட்டுப் பாலைக் காய்ச்சவே வேண்டாம், புண்ணியத்துலயே கொதிச்சிருக்கு" என்று கிண்டல் பண்ணுவார். மாமனார் சிரிக்க மாட்டார். அத்தை அவருக்கும் சேர்த்துச் சிரிப்பார்.

அத்தை படுத்த படுக்கையானபோது, பதில் வரிகளையும் மாமனாரே சொல்லிக்கொண்டார். அத்தைக்காக ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சொல்வார். அத்தை பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கொட்டகைக்கு வந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், கறந்தார். வாயைத் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் என்னவென்று கேட்பது?

ஒரு வாரத்தில் பால் குறைந்தது. மடி கனத்துத் தொங்கும், ஆனால் மாடு பாலை விடாமல் எக்கிக்கொண்டு நிற்கும். கறுப்புப் பசு காலை உதறி வாளியைத் தள்ளிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து மடியை அழுத்திப் பார்த்தார். "நோய் எதுவும் இல்ல. ஏதோ பழக்கம் மாறியிருக்கு. ஆளா, இடமா, நேரமான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார்.

என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "வித்துடலாம்ப்பா. உங்க இடுப்பும் போச்சு. சோளத்தை மட்டும் பார்த்துக்கலாம்."

"வித்துடு" என்றார் மாமனார். கன்றாக இருந்தபோதிலிருந்து அவர் வளர்த்த மாடுகள். மாட்டுத் தரகர் மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடாயிற்று.

அன்று சாயங்காலம் நான்தான் பால் பாத்திரங்களைக் கழுவிக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமனார் உட்கார்ந்ததும் மாடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கம் காதைத் திருப்பின. முன்பெல்லாம் அவர் முதல் வரியைச் சொல்லும் நேரம் அது. அவர் சொல்லவில்லை. காதுகள் அப்படியே நின்றன.

எனக்கு அவரிடம் பேச எப்போதும் பயம். பாத்திரத்தைப் பார்த்தபடி சொன்னேன்:

"மாமா, உங்க குரலுக்குத்தான் நிக்குதுங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் கடுத்தது.

"மனசில்லாம கும்பிடச் சொல்றியா? அது பொய்யில்லையா?"

"கும்பிட வேண்டாம் மாமா. மாட்டுக்குச் சொல்லுங்க."

"இத்தனை வருஷம் அவர்கிட்ட பேசினேன். பேசிப் பேசி அலுத்துப்போச்சும்மா. ஒரே ஒரு விஷயந்தான் கேட்டேன்."

வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். கறுப்புப் பசு ஒருமுறை காலை மாற்றி வைத்தது. அவர் நெற்றியை அதன் விலாவில் சாய்த்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு குரல் வந்தது. கடைப் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். பிரார்த்தனை 'இந்த நாளுக்கு நன்றி' என்று தொடங்கும். அதை விட்டுவிட்டு, இரண்டாம் வரியிலிருந்து சொன்னார். பதில் வரி வரும் இடத்தில் நிறுத்தினார். அத்தையின் வரியை அவர் சொல்லவில்லை. அந்த அமைதி தாங்காமல் நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலை தூக்கவில்லை, அடுத்த வரிக்குப் போனார்.

கறுப்புப் பசு மூச்சை விட்டது. வாளியில் பால் கனமாக விழத் தொடங்கியது.

காலையில் தரகர் வந்தபோது மாமனார் வேலிப் படலைத் திறக்கவேயில்லை. "கறவை நல்லாயிருக்கு, இப்ப விக்கல" என்றார். தரகர் போனதும் என் கணவர் கேட்டார்:

"அப்பா, தினமும் உங்களால முடியுமா?"

"முடியல. ஆனா அதுங்க காத்துக்கிட்டு நிக்குதே."

இப்போதும் தினமும் சொல்கிறார். இடுப்பு மோசமாகிவிட்டதால் முக்காலியிலிருந்து எழுப்பிவிட ஆள் வேண்டும். முதல் வரியை இன்னும் சொல்வதில்லை. மாடுகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் வரிக்கே பாலை விட்டுவிடுகின்றன. பதில் வரியை நான் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்து, அடுத்த மாட்டுக்கு நகர்கிறார்.